அல்சூர்: ஏரியும் கல்லும் தண்டும்

செருமனி நாட்டில் தன்யூபு ஆற்றங்கரையில் ரேகன்ஸ்பர்க் என்னும் பழம்பதி ஒன்று உண்டு. கி.பி. 179இல் உரோமானியப் படையினர் அவ்விடத்தில் ஒரு கோட்டை எழுப்பினர். அக்கோட்டையின் வாயிலில் பொறித்த கல்வெட்டின் பகுதி இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகிறது. படை தங்கிய இடத்துக்கு வணிகர் வந்தனர். வணிகர் வந்த இடத்துக்குத் துறவிகளும் தொழிலாளரும் வந்தனர். 12ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே ஒரு கற்பாலம் எழுந்தது. 1663 முதல் 1806 வரை பேரரசின் நிலையான மன்றம் அங்கேயே கூடிற்று. பழைய நகர்ப்பகுதி முழுவதையும் 2006இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. அந்நகரின் வரலாற்றைச் சொல்ல வருபவர் மன்னர் பட்டியலோடு தொடங்க வேண்டியதில்லை. வாயிற்கல்லைக் காட்டி, பாலத்தைக் காட்டி, மன்றம் கூடிய கூடத்தைக் காட்டியே கதை முழுவதையும் சொல்லிவிடலாம்.

ஒரு படைவீடு ஊராகிய கதை அது. பெங்களூரில் வாழும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு அத்தகைய கதை ஒன்று மிக அருகிலேயே இருக்கிறது. நாள்தோறும் பேருந்திலும் மெட்ரோவிலும் அதைக் கடந்து செல்கிறோம். அதுதான் அல்சூர்.

அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவனிடம், 'உங்கள் மக்கள் எப்போது இங்கு வந்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றே வரும். 'வெள்ளையர் படையோடு வந்தோம்' என்று சற்றுத் தலைகுனிந்து சொல்வான். அல்லது 'சோழர் காலம் முதற்கொண்டு இங்கேதான் இருக்கிறோம்' என்று சற்றுக் குரலை உயர்த்திச் சொல்வான். கேள்வி கேட்பவரும் பல வேளைகளில் அறிவு வேட்கையால் கேட்பதில்லை. ஆதலால் விடை சொல்பவனுக்கும் உண்மையைக் காட்டிலும் வெற்றியே பெரிதாகப் படுகிறது. வெற்றியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஊரில் நிற்கும் சின்னங்கள் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்போம்.

ஊர்ப்பெயர்

முதற்சின்னம் பெயரே. இவ்வூரைக் கன்னடத்தில் 'ஹலசூரு' என்பர். ஹலசு என்றால் பலா. முற்காலத்தில் இங்கே பலாத்தோப்பு இருந்தது என்றும், அதனால் ஊர் இப்பெயர் பெற்றது என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

மொழி பயிலும் மாணவர் இங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அவர்க்கு ஹாலு. நம் பல் அவர்க்கு ஹல்லு. நம் பூ அவர்க்கு ஹூவு. பள்ளி என்பது ஹள்ளி. அவ்வாறே பலசு என்பது ஹலசு ஆயிற்று. ஆகவே ஹலசும் பலாவும் ஒரு வேரில் கிளைத்த சொற்களே. பிறகு தமிழர் வாயில் அந்த ஹகரம் தேய்ந்து 'அலசூர்' ஆயிற்று. விரைந்து சொல்லியதில் 'அல்சூர்' ஆயிற்று. ஆங்கிலேயர் அதைக் கேட்டுத் தம் நாவுக்கு ஏற்றவாறு 'உல்சூர்' என்று எழுதிக்கொண்டனர். கன்னட நண்பர் ஹலசூரு என்னும்போதும் நம் பாட்டி அல்சூர் என்னும்போதும் இருவரும் சொல்வது பலாமரத்தின் பெயரைத்தான். எந்தப் பெயர் 'சரியானது' என்று பெயர்ப்பலகையின் அடியில் நின்று வழக்காடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஏரி

அல்சூர் ஏரி ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. நடுவே சிறு தீவுகள் சில உண்டு. பெங்களூரில் வற்றாத ஆறு இல்லை. மேட்டுநிலத்தில் பெய்யும் மழைநீரைப் பள்ளந்தோறும் கரைகட்டித் தேக்கியே இவ்வட்டாரத்தார் பயிர் செய்தனர். ஒரு பள்ளத்தில் நிரம்பிய நீர் வழிந்து அடுத்த பள்ளத்துக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளுள் அல்சூர் ஏரியும் ஒன்று. இதனைக் கெம்பே கௌடர் மரபினர் வெட்டியதாகக் கூறுவர். 19ஆம் நூற்றாண்டில், 1862 முதல் 1870 வரை மைசூர் நாட்டின் ஆணையராக இருந்த லூயின் பெந்தம் பௌரிங் காலத்தில் ஏரி சீரமைக்கப்பட்டு இன்றைய உருவத்தைப் பெற்றது.

ஏரி வெட்டியவன் பெயர் பாடநூலில் நிற்கிறது. ஏரியோ சாக்கடையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. 2016 மார்ச்சு மாதத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் செத்து மிதந்தபோதுதான் நகரத்தாருக்கு இந்த ஏரியின் நினைவு வந்தது. கழிவுநீர் கலந்தால் நீரில் உயிர்வளி குறையும். கோடையில் நீரும் வற்றும். மீன் மூச்சடைத்துச் சாகும். வரலாற்றுச் சின்னம் என்றால் கல்லால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவதும் இவ்வேரியின் துன்பத்துக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஏரிக்கு அருகே படைத்துறைக்கு உரிய நிலத்துக்குள், ஒரு குன்றின்மேல் சிறிய கற்கோபுரம் ஒன்று இருக்கிறது. பெங்களூரை 1537இல் நிறுவியவர் முதலாம் கெம்பே கௌடர். அவர் வழிவந்த இரண்டாம் கெம்பே கௌடர் ஊரின் நான்கு திசைகளிலும் நான்கு கோபுரங்களை எழுப்பினார் என்பர். லால்பாக்கில் பாறைமேல் நிற்பது ஒன்று. கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று. பெல்லாரிச் சாலையில் மேக்ரி வட்டத்தருகே ஒன்று. அல்சூரில் உள்ளது நான்காவது. நகரம் இந்த எல்லைவரை வளரும் என்று அவர் குறித்ததாகச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. அக்காலத்துப் பேட்டையிலிருந்து பார்த்தால் அல்சூர் கிழக்குக் கோடி. இன்று அது நகரின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஒயிட்பீல்டிலிருந்து வரும் மாணவர் அல்சூரைக் கண்டவுடன், 'ஊருக்குள் வந்துவிட்டோம்' என்று பெருமூச்சு விடுவதை நாம் அறிவோம்.

சோமேசுவரர் கோயில்

ஏரியை விட்டு ஊருக்குள் நடந்தால் கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே சோமேசுவரர் திருக்கோயிலின் கோபுரம் தெரியும். பெங்களூரில் உள்ள பழங்கோயில்களுள் இது பெரியது. வேட்டைக்கு வந்த கெம்பே கௌடர் களைத்து ஒரு மரத்தடியில் உறங்கியபோது சோமேசுவரர் கனவில் தோன்றிப் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கோயில் எழுப்பப் பணித்தார் என்பது தலக்கதை. யலகங்கா நாட்டுத் தலைவர் வேறொருவர் பெயரிலும் இதே கதையைச் சொல்வதுண்டு.

'இது சோழர் கட்டிய கோயில்' என்று நம்மவர் பலர் அடித்துக் கூறுவர். இங்கேதான் மாணவர் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். நாம் இன்று காணும் முன்மண்டபம் நாற்பத்தெட்டுத் தூண்களைக் கொண்டது. தூண்களில் பாயும் யாளிகள், அணிசெய்த தூண் உடல்கள், சுவரில் திருமணக் கோலங்கள், கயிலையைத் தூக்கும் இராவணன் உருவம் ஆகிய யாவும் விசயநகரக் காலத்துக் கைவண்ணத்தைக் காட்டுகின்றன. தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் உள்ள தூண்களைக் கண்ட கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். இக்கோயிலின் கருவறைக்கு அடியில் அதனினும் பழைய அடிப்படை இருந்திருக்கக்கூடும் என்று கருதுவோர் உளர். அவர் கருத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மண்டபத்தைச் சோழருடையது என்று சொல்வது அதைச் செதுக்கிய விசயநகரச் சிற்பிக்குச் செய்யும் கொடுமை.

2010இல் இக்கோயிலின் எதிரே, மண்மூடிக் கிடந்த படிக்குளம் ஒன்று தோண்டி வெளிப்படுத்தப்பட்டது. இத்தனை நெருக்கமான தெருவில், இத்தனை பேர் நடமாடும் இடத்தில், ஒரு குளமே மறைந்து கிடந்ததென்றால் இன்னும் என்னென்ன கிடக்கின்றனவோ!

சித்திரைத் திங்களை ஒட்டி நிகழும் இக்கோயில் விழாவின் முடிவில் பூப்பல்லக்குகள் புறப்படும். சுற்று வட்டாரக் கோயில்களின் பல்லக்குகள் இரவெல்லாம் மல்லிகை மணக்க வரிசையில் செல்லும். பல்லக்கின் முன்னே வாசிக்கும் நாகசுரத்துக்கு மொழி கேட்பார் யாரும் இல்லை.

அண்டையூர்க் கல்வெட்டுகள்

சோழர் பெயரை நாம் முழுவதும் விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அல்சூரில் தேடுவதைச் சில கிலோமீட்டர் தள்ளித் தேட வேண்டும், அவ்வளவே.

அல்சூருக்குத் தென்கிழக்கே தொம்மலூர் இருக்கிறது. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சொக்கநாதர் என்றவுடன் மதுரைச் சிவபெருமானை எண்ணிச் செல்பவர் ஏமாறுவர். இங்கே எழுந்தருளியிருப்பவர் திருமால். கல்வெட்டுகள் இவ்வூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. பட்டணம் என்னும் ஈறும் தேசி என்னும் அடையும் வணிகக் குழுக்களை நினைவூட்டுவன. தெற்கே மடிவாளத்தில் உள்ள சோமேசுவரர் கோயிலின் புறச்சுவரில் 1247ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 'வெங்களூர்' என்னும் ஊரின் பேரேரிக்குக் கீழ் உள்ள நிலத்தை வேப்பூர்வாசி ஒருவர் தானம் செய்ததை அது கூறுகிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்களூர் எது என்று சொல்லத் தேவையில்லை. கெம்பே கௌடர் தம் நகரை நிறுவுவதற்கு ஏறத்தாழ 290 ஆண்டுகளுக்கு முன்பே இப்பெயர் தமிழ்க் கல்லில் ஏறிவிட்டது. அதற்கும் முற்பட்ட பேகூர்க் கன்னட நடுகல் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 890ஐ ஒட்டியது, பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிக்கிறது. முன்னதைச் சொல்லும் தமிழர் பின்னதை மறைப்பதும், பின்னதைச் சொல்லும் கன்னடர் முன்னதை மறைப்பதும் நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே மாணவனுக்கு அழகு.

கன்னட நாட்டு மன்னர் ஆட்சியில் தமிழில் ஏன் எழுதினர் என்று ஒருவர் கேட்கலாம். சோழர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர் நாட்டைக் கைப்பற்றினர். கோலார் வட்டாரத்துக்கு நிகரிலிச்சோழ மண்டலம் என்று பெயரிட்டனர். தமிழ் அதிகாரிகளும் வேளாளரும் வணிகரும் இம்மேட்டு நிலத்தில் குடியேறினர். 1116ஐ ஒட்டிப் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலக்காட்டை மீட்டான். ஆட்சி மாறியதே தவிர, மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. பிறகு 13ஆம் நூற்றாண்டின் நடுவில் போசள நாடு இரு பங்காயிற்று. ஒரு மகன் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்டான். மற்றொரு மகன் இராமநாதன் திருச்சிக்கு அருகே கண்ணனூரிலிருந்து ஆண்டான். பாண்டியர் கை ஓங்கியபின் இன்றைய கிருட்டிணகிரிப் பக்கம் உள்ள குந்தாணிக்கு வந்தான். தொம்மலூர்க் கல்வெட்டுகள் இந்த இராமநாதனின் பெயரைச் சொல்கின்றன. கன்னட மரபில் பிறந்த மன்னன் தமிழில் ஆணை விடுத்தான். எல்லை மொழியின் வழியாகச் செல்லவில்லை.

இவ்வளவும் கேட்டவுடன், 'பார்த்தீர்களா! அல்சூர்த் தமிழர் எழுநூறு ஆண்டுப் பழங்குடிகள்' என்று எழுந்து நிற்க வேண்டாம். 13ஆம் நூற்றாண்டின் கல்லில் பெயர் பொறித்தவர்க்கும் இன்று அல்சூர்ச் சந்தையில் காய்கறி வாங்கும் நமக்கும் இடையே நேரான கோடு இழுக்கச் சான்று போதாது. அவருட் பலர் இந்த மண்ணோடு கலந்து கன்னடராகியிருப்பர். நம்மிற் பெரும்பாலோரின் கதை வேறு; அது 1809இல் தொடங்குகிறது.

தண்டு

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு சுல்தான் மாண்டார். ஆங்கிலேயர் தம் படையை முதலில் சீரங்கப்பட்டணத்திலேயே நிறுத்தினர். அங்கே காய்ச்சல் படையினரை வாட்டிற்று. மூவாயிரம் அடி உயரத்தில், தட்பமான காற்றுடன், சென்னைக்குச் செல்லும் வழியில் இருந்த அல்சூர்ப் பக்கத்து வெளி அவர்கள் கண்ணில் பட்டது. அங்கே ஏரியும் இருந்தது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜான் பிளாக்கிஸ்டன் பாசறைக்குத் திட்டம் வகுத்தார். 1809இல் பெங்களூர்ப் பாசறை அமைந்தது. ரேகன்ஸ்பர்க்கில் படைவீடு வந்து அதன்பின் ஊர் வந்தது போலன்றி, இங்கே ஊர் முன்னமே இருந்தது. கோயிலும் ஏரியும் இருந்தன. அவற்றின் தோளில் படைவீடு வந்து சாய்ந்தது.

அப்பாசறையை நம்மவர் 'தண்டு' என்றனர். தண்டு என்றால் படை என்பது தமிழ் கற்றவர்க்குப் புதிதன்று. கன்னடத்திலும் அதே பொருள். சிவாசி நகரில் தண்டு மாரியம்மன் என்று ஓர் அம்மன் இருக்கிறாள். படையோடு வந்தவர் தம் அம்மனையும் கூட்டி வந்தனர். அம்மனும் படைவீட்டின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டாள். முருகனுக்கு ஆறு படைவீடு வகுத்த மக்கள் அம்மனுக்கு ஏழாவதாக ஒன்று வகுத்ததில் வியப்பில்லை!

ஒரு படைக்குத் துப்பாக்கி ஏந்துவோர் மட்டும் போதார். மாவு அரைப்போர், இறைச்சி விற்போர், துணி வெளுப்போர், குதிரைக்குப் புல் கொணர்வோர், தச்சர், கொத்தர், தையற்காரர், சமையற்காரர், இரு மொழி அறிந்து பேரம் முடிக்கும் துபாஷிகள், சரக்கு வழங்கும் ஒப்பந்தக்காரர் எனப் பலர் வேண்டும். சென்னை மாகாணத்தின் படையாதலால் இவர்களும் அம்மாகாணத்திலிருந்தே வந்தனர். ஆற்காடு, வேலூர், செங்கற்பட்டுப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தனர். தமிழரோடு தெலுங்கரும் உருது பேசும் முசுலிம்களும் வந்தனர் என்பதையும் மறத்தல் கூடாது. மேற்கே கோட்டையும் பேட்டையும் மைசூர் அரசருக்கு உரிய பெங்களூராக இருக்க, கிழக்கே தண்டு வேறொரு பெங்களூராக வளர்ந்தது. 1881இல் மைசூர் நாடு அரசரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. 1947 சூலை 26ஆம் நாள்தான் அது மைசூருக்குத் திரும்பிற்று. 1949இல் இரு பகுதிகளும் ஒரே மாநகராட்சியின் கீழ் இணைந்தன. அதுவரை ஓர் ஊரில் இரண்டு ஆட்சிகள்! இன்று நாம் காணும் பிணக்குகள் சிலவற்றின் வேர் இந்த 140 ஆண்டுப் பிரிவில் இருக்கிறது. தண்டில் பிறந்த தமிழனுக்குப் பேட்டைக்குப் போக வேண்டிய தேவையே பல நாள் ஏற்படவில்லை. கன்னடம் கற்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. அத்தேவை வந்தபின்னும் கற்காதிருந்தோமே, அதற்கு ஆங்கிலேயர்மேல் பழி போட முடியாது.

தண்டின் சின்னங்கள் பல. திரினிட்டி வட்டத்தில் வெண்ணிறக் கோபுரத்துடன் நிற்கும் தூய திரினிட்டி ஆலயம் 1851ஆம் ஆண்டினது. ஏரியை அடுத்துச் சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையகம் இருக்கிறது. 1780இல் சென்னையில் தொடங்கிய இப்படை 1834இல் பெங்களூருக்கு வந்து அன்றுமுதல் இங்கேயே நிலைகொண்டது. இப்படை வீரரைத் 'தம்பி' என்று அழைப்பது இந்தியப் படை முழுவதும் அறிந்த வழக்கு. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் பகைவர் புதைத்த கண்ணிவெடியை அகற்றுவதும் இவர்கள் தொழில். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் இப்படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது, தம் தோழரைக் காக்க வெடியின்மேல் தாமே விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. 'படையோடு வந்தவர்கள்' என்று யாரேனும் இகழ்ச்சியாகச் சொல்லும்போது எனக்கு இவர் நினைவுதான் வருகிறது.

தண்டில் பொருள் ஈட்டியவர் அதை எவ்வாறு செலவிட்டனர் என்பதற்கு ஒருவரைச் சொன்னால் போதும். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1827இல் பிறந்தவர். பெயரின் முன்னொட்டே அவர் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும். வணிகத்தில் உயர்ந்து ஒப்பந்தக்காரர் ஆனார். கப்பன் பூங்காவில் செந்நிறத்தில் ஒளிரும் அட்டாரக் கச்சேரி, அதாவது இன்றைய உயர்நீதிமன்றக் கட்டடம், 1864 முதல் 1868 வரை ரிச்சர்டு சாங்கியின் மேற்பார்வையில் இவர் எடுத்து நடத்திய வேலை. 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ராய் பகதூர் பட்டத்தையும் சேர்த்து அவர் பெயரின் முதலெழுத்துகளால் 'ஆர்.பி.ஏ.என்.எம்.' என்று வழங்கும் கல்வி நிலையங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. நீதிமன்றத்தின் செங்கல்லை யாரும் மொழி பார்த்து அடுக்கவில்லை. பள்ளியில் சேர்ந்த பிள்ளையை மொழி பார்த்துச் சேர்க்கவுமில்லை. இவ்வூரில் நமக்கு உரிமை என்ன என்று கேட்பவர்க்குக் காட்ட என்னிடம் கல்வெட்டைக் காட்டிலும் நல்ல சான்று இந்த இரண்டு கட்டடங்களே.

வள்ளுவர் சிலை

இனி ஏரிக்கரைக்கே திரும்புவோம். 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச்சங்கம் அண்ணாசாமி முதலியார் சாலையில் ஏரியைப் பார்த்தவாறு இருக்கிறது. அதன் நூலகத்தை நம் மாணவரில் எத்தனை பேர் கண்டிருக்கின்றனர் என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தராது.

சங்கத்தின் முயற்சியால் ஏரியை அடுத்த பூங்காவில் திருவள்ளுவர் சிலை ஒன்று 1991இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதத்தில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை வெளிவந்தது. ஊர் கொதித்தது. கன்னட அமைப்புகள் சிலையை எதிர்த்தன. திறப்பு விழா நின்றது. திசம்பரில் கலவரம் வெடித்தது. பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் பல தாக்கப்பட்டன. பலர் உடைமை இழந்து ஊரைவிட்டு ஓடினர். வள்ளுவரோ மூடிய முகத்துடன் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். மூடப்பட்ட அச்சிலையைப் பார்த்தே பள்ளிக்குச் சென்று, கல்லூரியும் முடித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்ட ஒரு தலைமுறை அல்சூரில் உண்டு. அவர்களுக்கு வள்ளுவர் என்றால் சாக்குத்துணிதான்.

2009 ஆகத்து 9ஆம் நாள் கருநாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கருணாநிதி அச்சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகத்து 13இல், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார். இரண்டடியில் உலகியல் சொன்னவர் இங்கே. மூன்றடியில் சொன்னவர் அங்கே. ஈடு கொடுத்துப் பெற்ற திறப்பு அது என்று சிலர் குறை கூறினர். அக்குறை எனக்கு உடன்பாடில்லை. அயல் வீட்டார் இருவர் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதை யாரும் வணிகம் என்பதில்லை. என் வருத்தம் வேறு. சர்வக்ஞரின் மூவடிகளைச் சென்னையில் எத்தனை பேர் படித்தனர்? இங்கே அல்சூரில் நாம் எத்தனை பேர் படித்தோம்? தமிழ் மாணவர் சங்கம் நடத்தும் நாம் குறள் ஒப்பித்தல் போட்டியோடு சர்வக்ஞர் ஒப்பித்தல் போட்டியும் வைத்தால் என்ன?

நேரில் காண விரும்புவோர்க்கு

2011 அக்டோபர் 20ஆம் நாள் முதல் மெட்ரோ ஓடுகிறது. ஹலசூரு நிலையத்தில் இறங்கினால் சோமேசுவரர் கோயிலுக்கு நடந்தே செல்லலாம். அங்கிருந்து ஏரிக்கரை, வள்ளுவர் சிலை, சங்க நூலகம் என்று ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்கலாம். கெம்பே கௌடர் கோபுரம் படைத்துறை நிலத்துள் இருப்பதால் இசைவின்றிச் செல்ல இயலாது. கல்வெட்டுப் பயில விரும்புவோர் பி. எல். ரைசு 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியை முதலில் பார்க்க வேண்டும். பெங்களூர் மாவட்டக் கற்கள் அதில் உள்ளன. ரைசு கண்ட கற்களில் பல இன்று இல்லை. வீட்டுக்கு அடித்தளமாகவும் சாலைக்குச் சல்லியாகவும் போய்விட்டன. எஞ்சியவற்றை 2021 முதல் மிதிக் சொசைட்டியார் முப்பரிமாண முறையில் படமெடுத்துக் காத்து வருகின்றனர்.

மடிவாளத்துக்குச் செல்பவர் காலை எட்டு மணிக்குள் செல்லுதல் நலம். உச்சி வெயிலில் பார்த்தால் சுவர் வெறுங்கல்லாகத் தெரியும். சாய்ந்த வெயில் சுவரில் விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். வரி வரியாக எழுத்து எழுந்து வரும். பழைய எழுத்து முழுவதும் தெரியாதவர்க்கும் ககரமும் பகரமும் மகரமும் அடையாளம் தெரிந்துவிடும். ஒரு பென்சிலும் தாளும் கொண்டு செல்லுங்கள். சுண்ணாம்பு பூசி எழுத்தைத் தெளிவாக்க முயலாதீர்கள், கல் கெடும்.